‘ஐ.சி. போச்சு’ என்று சொல்லி அனுப்புவதற்கு முன்

நமது வட்டாரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘ஐ.சி. போச்சுங்க, புதுசே வாங்கிக்கோங்க’ என்று சொல்கிறார்கள் என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் திடுக்கிட்டுப் போவோம். அந்த ஒரு வார்த்தையோடு ரிப்பேர் கூலியும் போகிறது, வாடிக்கையாளரும் போகிறார். புதுப் பொருளை அவர் நம்மிடம் வாங்குவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

பல நேரங்களில் அந்த வார்த்தை உண்மையும் அல்ல என்பதே நமது கருத்து. ஐ.சி. போயிருக்காது, அதற்குள் எழுதி வைத்திருந்தது கலைந்திருக்கும். இரண்டும் வேறு வேறு. கணக்குப் பேரேடு தீப்பிடித்து எரிவதும், பேரேட்டில் மை அழிவதும் ஒன்றாகுமா? மை அழிந்ததை மங்கலாகவாவது படித்துவிட்டால் புதுப் பேரேட்டில் எழுதிக்கொள்ளலாம். படிப்பதற்கு ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியைக் கடையிலேயே செய்துகொள்ளலாம் என்பதை நாம் நேரில் பார்த்தோம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பழைய டி.வி. கேம் பெட்டி. கடந்த கோடை விடுமுறையில், சுங்குவார்சத்திரத்தில் உள்ள நமது உறுப்பினர் ஒருவரின் கடைக்கு, பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். பள்ளியில் படித்தபோது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. இப்போது தன் மகனுக்குக் காட்ட வேண்டுமாம். ‘ஆன் ஆக மாட்டேங்குதுண்ணே. எவ்வளவு ஆனாலும் பரவால்ல, பாத்துக் குடுங்க’ என்றார். ‘எவ்வளவு ஆனாலும்’ என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ரிப்பேர் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நமது மூத்த உறுப்பினர்களுக்கு இந்தப் பெட்டிகளை நினைவிருக்கும். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்ற பெயரில் வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துப் பிற நாடுகளில் செய்யப்பட்ட நகல்கள்தான் 1990-களில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்தன. சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள். செகா நிறுவனத்தின் பெட்டியை அந்தப் பத்தாண்டின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தது. அது விலை அதிகம், நம் ஊரில் ஓடியது நகல்தான். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று மேலே அச்சடித்திருக்கும், உள்ளே பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். அவை நகல்கள் என்பது விற்ற நமக்கும் தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பெட்டி ஆன் ஆகாததற்குக் காரணம் 7805 ரெகுலேட்டர். பழக்கப்பட்ட பழுது, அரை மணி வேலை. மாற்றியதும் ஆன் ஆனது. கூட வந்திருந்த மூன்று கேசட்டுகளில் இரண்டு ஓடின. மூன்றாவது மட்டும் சாம்பல் நிறத் திரையோடு நின்றது. அவர் கேட்டதோ அந்த மூன்றாவதைத்தான், மரியோ இருக்கும் கேசட்டை. வழக்கமாக இந்த இடத்தில்தான் ‘ஐ.சி. போச்சு’ என்ற வார்த்தை வரும். அன்றைக்கும் உறுப்பினர் அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். கடையில் வேலை பார்க்கும் தம்பி, டிப்ளமோ முடித்த பையன், ‘ரெண்டு நாள் டைம் குடுங்க’ என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

கேசட்டைத் திறந்தால் சிறு பச்சை போர்டு, அதில் 28 கால்களுடன் இரண்டு ஐ.சி.க்கள். ஒன்றில் விளையாட்டின் நிரல், மற்றொன்றில் படங்கள். மலிவான கேசட்டுகளில் இந்த ஐ.சி.க்கள் இருக்காது, கறுப்புத் தார்ச் சொட்டுப் போல ஒன்று ஒட்டியிருக்கும். அது கெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதில் இருந்த நிரல் ஐ.சி.யின் முதுகில் சிறு கண்ணாடி ஜன்னல் இருந்தது. ஈப்ராம் என்ற வகை. 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் என்பவர் கண்டுபிடித்தது. அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுதியது அழியும். பிறகு மறுபடி எழுதலாம். எழுதி முடித்ததும் ஜன்னல் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். இந்தக் கேசட்டில் அந்த ஸ்டிக்கர் காய்ந்து உதிர்ந்திருந்தது. கேசட்டின் மேல் மூடியும் உடைந்திருந்தது. தயாரித்தவர்களின் குறிப்பேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்: நேர் வெயிலில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில், டியூப்லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் எழுதியது அழியக்கூடும் என்று. ஐ.சி. கெடவில்லை, வெளிச்சம் பட்டு மை மங்கியிருக்கிறது.

இனி அந்தத் தம்பி செய்த கருவி. 27சி256 என்ற அந்த ஐ.சி.யை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 32,768 அடுக்குகள். 15 கால்களில் அடுக்கு எண்ணைச் சொன்னால், வேறு 8 கால்களில் அந்த அடுக்கில் உள்ள சரக்கைக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பூஜ்யத்திலிருந்து 32,767 வரை ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு, வருவதை எழுதிக்கொண்டால் ஸ்டாக் எடுத்து முடிந்தது. கேட்பதற்கும் எழுதிக்கொள்வதற்கும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டு. அதில் உள்ள கால்கள் போதாது என்பதால் 74எச்.சி.595 என்ற ஐ.சி. இரண்டு, ஒரு 28 கால் சாக்கெட், ஒரு பொத்தல் போர்டு, ஐந்து வோல்ட் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கம்ப்யூட்டருடன் இணைக்கும் யூ.எஸ்.பி. வயர் கடையிலேயே கிடந்தது.

முதல் நாள் படித்தபோது ஒரு வேடிக்கை. வந்த தகவலைப் பார்த்தால் முதல் 256 அடுக்குகளில் இருந்ததே 128 முறை திரும்பத் திரும்ப வந்திருந்தது. இரண்டாவது 595-க்குப் போக வேண்டிய ஒரு வயர் சாலிடர் பிடிக்கவில்லை. அதனால் மேல் எண்கள் எதுவும் ஐ.சி.க்குப் போய்ச் சேரவில்லை. ஸ்டாக் எடுக்க அனுப்பிய ஆள் முதல் ரேக்கையே 128 தடவை எண்ணிவிட்டு வந்த கதைதான். வயரைச் சரிசெய்ததும் முழுவதும் படித்தது. ஆனால் இரண்டு முறை படித்ததில் இரண்டு விதமாக வந்தது. ஒரு சில இடங்களில் மட்டும் வித்தியாசம்.

இந்த இடத்தில் அந்தப் பையன் செய்தது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. வெளிச்சம் பட்ட ஈப்ராமில் பூஜ்யமாக இருக்க வேண்டியது மெல்ல மெல்ல ஒன்றாக மாறும். முழுக்க மாறாமல் நடுவில் ஊசலாடும் அடுக்குகள்தான் ஒரு முறை இப்படியும் மறுமுறை அப்படியும் காட்டும். ஐ.சி.க்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஊசலாடுவது பழையபடி பூஜ்யமாகவே தெரியும். அவன் ஐந்து வோல்ட் கம்பியில் ஒரு சாதாரண டயோடைச் சேர்த்தான். நாலேகால் வோல்ட்டு சொச்சத்துக்கு இறங்கியது. பத்து முறை படித்தான், பத்து முறையும் ஒரே மாதிரி வந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் டயோடு.

படித்ததைப் பழைய ஐ.சி.யிலேயே எழுத முடியாது. அதற்கு 13 வோல்ட் அளவுக்கு வேண்டும், அவன் கருவியில் அது கிடையாது. 28சி256 என்ற ஐ.சி.யில் ஐந்து வோல்ட்டிலேயே எழுதலாம். அதே 28 கால், அதே அளவு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: பழையதில் 27-ஆவது காலுக்கு வரும் எண் கம்பி புதியதில் முதல் காலுக்கு வர வேண்டும், புதியதில் 27-ஆவது கால் எழுதச் சொல்லும் கால். அப்படியே செருகினால் ஓடாது. அந்த இரண்டு கால்களையும் மேலே வளைத்து, முதல் காலை 27-ஆவது துளைக்கு வயர் போட்டு, 27-ஆவது காலை ஐந்து வோல்ட்டில் கட்டினான். கேசட் ஓடியது. நிரல் 32 கிலோபைட், படம் 8 கிலோபைட், ஆக மொத்தம் 40. இன்று காலையில் நமக்கு வந்த ‘இனிய காலை வணக்கம்’ படம் இதைவிடப் பெரியது.

கூலி எவ்வளவு வாங்கினார்கள்? 600 ரூபாய். வேலை செய்த நேரத்தைக் கணக்கிட்டால் நஷ்டம். இதை மறைப்பதற்கில்லை. ‘பழைய பொம்மைக்கு மூணு நாள் உக்காந்தா கடை வாடகை யார் குடுப்பாங்க?’ என்று மற்றோர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய டி.வி. கேம் ரிப்பேரில் யாரும் மாடி வீடு கட்டப் போவதில்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அடுத்த மாதம் அதே கடைக்கு ஓர் எல்.இ.டி. டி.வி. வந்தது. ஆன் செய்தால் கம்பெனி லோகோவோடு நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். சொன்ன தொகையில் பாதி டி.வி. வாங்கிவிடலாம். டி.வி., செட்டாப் பாக்ஸ், லேப்டாப் என்று இன்றைய பொருட்கள் பலவற்றில் 25 என்று தொடங்கும் எண்ணுள்ள, எட்டே கால்களுள்ள சிறு ஐ.சி. இருக்கிறது. அடுக்கு எண்ணையும் சரக்கையும் 23 கம்பிகளில் அனுப்பாமல் நாலு கம்பிகளில் வரிசையாக அனுப்பும். தத்துவம் ஒன்றே. அந்தத் தம்பி அதைப் படித்து, இரண்டு முறை ஒப்பிட்டு, அதே மாடல் நல்ல போர்டு ஒன்றிலிருந்து எடுத்த தகவலோடு சரிபார்த்து, திரும்ப எழுதினான். டி.வி. ஓடுகிறது. ஈப்ராமில் கற்ற பாடத்துக்குக் கூலி இங்கே வந்தது.

இதற்கென்று கடைகளில் ரெடிமேட் கருவிகள் கிடைக்கின்றனவே, கையால் செய்வது எதற்கு என்று கேட்கலாம். வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் விஷயம் தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சி.எச்.341ஏ என்ற ஐ.சி. கொண்டு செய்த கறுப்பு நிறச் சிறு போர்டு ஒன்று சில நூறு ரூபாய்க்கு எங்கும் கிடைக்கிறது. அதில் 3.3 வோல்ட் என்று போட்டிருக்கும், ஐ.சி.க்கு மின்சாரம் 3.3-தான் போகும், ஆனால் தகவல் கம்பிகளில் 5 வோல்ட் வரும். 1.8 வோல்ட்டில் ஓடும் ஐ.சி.யை அதில் மாட்டினால் நாமே கொன்றுவிட்டு, ‘ஐ.சி. போச்சு’ என்று சொல்வோம். சொல்வது அப்போது உண்மையாகத்தான் இருக்கும். கையால் ஒரு கருவி செய்த பையன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவான்.

நாம் இருப்பது எந்த இடம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-இல் நோக்கியா, 2007-இல் சாம்சங், டெல். ஒரகடத்தில் 2010-லிருந்து கார், டயர், லாரி என்று வரிசையாக வந்தன. இன்று சுங்குவார்சத்திரம் சாலையில் தயாராகும் கைப்பேசிகள் உலகம் முழுவதும் போகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைச் சிப்காட் திறந்தது. அவர்கள் கைகளில் தினம் எத்தனை ஐ.சி.க்கள் புழங்குகின்றன! ஆனால் அவர்களுடைய சொந்தக் கைப்பேசி கெட்டால், அதில் உள்ள ஐ.சி.யைப் படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் ஒருவருக்கு ஒரு வேலைதான் சொல்லித் தருவார்கள். முழுப் பொருளும் எப்படி ஓடுகிறது என்று சொல்லித் தருவது அவர்கள் வேலை அல்ல. அதற்காக நாம் அவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை நின்றபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். வாடகை வீடுகள் காலியாயின, மெஸ்கள் மூடின, ரீசார்ஜ் கடைகளில் ஈ ஓட்டினோம். பல ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கைப்பேசியோடு புழங்கிய அவர்களில் எத்தனை பேரால் இங்கேயே ஒரு ரிப்பேர் கடை போட முடிந்தது? அதே இடத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் எடுத்துச் சார்ஜர் தயாரிக்க ஆரம்பித்தது, மறுபடி நடமாட்டம் வந்தது. வருகிற தொழிற்சாலையை வரவேற்போம். அது போனாலும் ஊரில் தங்கும் தொழில் ஒன்று வேண்டாமா?

சட்டத்தைப் பற்றிச் சிலருக்குப் பயம் இருக்கிறது. நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முறையாகக் கையில் வைத்திருப்பவர் தன் கணினி நிரலுக்கு, அது அழிந்துபோனாலோ சேதமடைந்தாலோ என்ற பாதுகாப்புக்காக, ஒரு பிரதி எடுத்துக்கொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து பார்ப்பதற்கும் அதே பிரிவில் இடம் உண்டு. ஆனால் படித்த விளையாட்டை நூறு கேசட்டில் ஏற்றி விற்றால் அது குற்றம்தான். 1990-களில் நாம் பெட்டி பெட்டியாக விற்ற நகல் கேசட்டுகளை நினைத்தால் இதை உரக்கச் சொல்ல வாய் கூசுகிறது. நமது உறுப்பினர் சரிசெய்த அந்தக் கேசட்டும் அப்படிப்பட்ட ஒன்றாகவே இருக்கும்; ‘முறையாக’ என்ற சொல்லை அதற்கு அழுத்திப் பார்த்தால் நம் பக்கம் சங்கடம்தான். ஆகவே வாடிக்கையாளருடைய தகவலை அவர் பொருளில் மட்டும் திரும்ப எழுதுங்கள். அவரிடம் ஒரு சம்மதச் சீட்டு வாங்குங்கள். வேலை முடிந்து அவர் பொருளை எடுத்துப் போனதும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுங்கள். குறிப்பாக லேப்டாப், கைப்பேசி விஷயத்தில் இது மிக முக்கியம்.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு டெல்லியிலும் கேட்கிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதத்தில், கைப்பேசிக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் முறையைப் பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு இணையதளம் தேவையில்லை. தெருமுனைக் கடைக்கு வேண்டியது சர்க்யூட் படம், உதிரிப் பாகம், ஐ.சி.யில் எழுத வேண்டிய தகவல். இந்த மூன்றும் அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கு மட்டும் என்று இருக்கும் வரை உரிமை காகிதத்தில்தான். அமெரிக்காவிலேயே இது எளிதாக நடக்கவில்லை. புதுக் காலத்து விளையாட்டுப் பெட்டிகளில் டிஸ்க் டிரைவும் மெயின் போர்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் ஓடும். டிரைவை மட்டும் மாற்றினால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. அந்தப் பூட்டைப் பழுதுபார்ப்பதற்காகத் திறக்கலாம் என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அனுமதித்தது 2021 அக்டோபரில்தான்; அதுவும் டிரைவ் பழுதுக்கு மட்டும்.

டெல்லி முடிவு செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நமது மொத்த வியாபாரிகளிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். சார்ஜர், இயர்போன், பவர் பேங்க் என்று மூடிய பெட்டிகளாகவே இறக்குகிறார்கள். இந்தச் சாலை முழுவதும் ஒரு 28 கால் சாக்கெட், ஒரு 28சி256 கிடைக்கவில்லை. அதற்காக அந்தத் தம்பி ஒரு நாள் கடையை விட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போய் வந்தான். பஸ் சார்ஜ் ஐ.சி. விலையைத் தொட்டுவிட்டது. சாக்கெட், 595, கப்பாசிட்டர், 25 வரிசை ஐ.சி. ஆகியவற்றை ஒரு சிறு அலமாரி அளவுக்கு யாராவது ஒருவர் வைத்தால் போதும். ஓடாத சரக்கு என்று பயப்பட வேண்டாம். கெட்டுப்போகும் சரக்கும் அல்ல.

சங்க நிதியிலிருந்து நல்ல கருவி ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்றும், எந்த உறுப்பினரும் பெயரெழுதி வைத்துவிட்டு வந்து உபயோகிக்கலாம் என்றும் அடுத்த செயற்குழுவில் கேட்க இருக்கிறோம். சில ஆயிரம் ரூபாய்தான். ஆண்டு விழாவுக்குப் போடும் பந்தல் செலவைவிடக் குறைவு. கூடவே, மாலை ஷிப்டு முடிந்தும் வார விடுமுறையிலும் வரக்கூடிய தொழிலாளர்களுக்கும் நம் கடைப் பையன்களுக்கும் சாலிடரிங்கிலிருந்து தொடங்கி ஐ.சி. படிப்பது வரை சொல்லிக் கொடுக்க அந்தத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். சம்பளம் வேண்டாம் என்கிறான்; கொடுக்காமல் விடக்கூடாது. அவன் கடை முதலாளி மட்டும் கொஞ்சம் தயங்குகிறார், பையனை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று. அவர் தயக்கம் புரிகிறது. அதற்குப் பதில் அவனுடைய கூலியில் இருக்கிறது, அதை அவரிடமே நேரில் சொல்லிவிட்டோம்.

பழகிப் பார்ப்பதற்குப் பழைய போர்டுகள் தேவைப்படுகின்றன. எடைக்குப் போடுவதற்கு முன் டி.வி. போர்டு, செட்டாப் பாக்ஸ், உடைந்த கேசட் எதுவானாலும் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஐ.சி. முதுகில் கண்ணாடி ஜன்னல் தெரிந்தால், கொண்டுவருவதற்கு முன் அதன் மேல் ஒரு கறுப்பு டேப் ஒட்டுங்கள்.